இந்த வேலைக்கு லீவு உண்டுங்களா?

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பூப்பறிக்கிற நோன்பு முடிந்து திருப்பூரில் பனியன் கம்பெனிகள் திறந்த வாரம் அது. பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்களில் பாதிப் பேர்கூடத் திரும்பியிருக்கவில்லை. நான் வேலை பார்க்கும் கம்பெனியின் தையல் ஹாலில் பல மெஷின்கள் துணி போர்த்தியபடி சும்மா கிடந்தன. எந்தக் காரியம் எந்த மாதம் எந்தக் கிழமை நடந்தது என்று மனதில் குறித்து வைத்துக்கொள்வது எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். வீட்டில் என்னைப் பஞ்சாங்கம் என்று கேலி செய்வார்கள். அதனால் எங்கிருந்து தொடங்குவது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை.

கம்பெனியில் வருகைப் பதிவும் விடுப்புக் கணக்கும் என் பொறுப்பு. அந்த வாரம் ஒருநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "நம்மகிட்ட வேலை பாத்து, முடியாத கொழந்தையப் பாக்கறதுக்குன்னு நின்னுபோன பொம்பளைங்க எத்தனை பேர் இருக்காங்கம்மா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்தவர்களைச் சொன்னேன்.

"அவங்க ஊட்டுல பாக்கறதும் வேலைதான். நம்ம ஷிப்ட் சம்பளத்தைப் போட்டுக் குடுத்தரலாம். எங்க அக்கா இத்தனை வருசமா அந்த வேலையத்தான் பாத்துக்கிட்டிருக்கா. ஒருத்தரும் ஒரு வாய் காப்பித்தண்ணி வெச்சுக் குடுத்ததில்லை" என்றார்.

அரசாங்கத்தின் பராமரிப்பு உதவித்தொகை இந்தக் குடும்பங்களுக்கு வந்துகொண்டிருந்தது. அது மருந்துக்கும் டயாப்பருக்குமே போய்விடும். கம்பெனி கொடுக்க நினைத்தது சம்பளம். ஆனால் பெற்றவர்களுக்குச் சம்பளம் கொடுத்து எங்களுக்கு முன் அனுபவம் இல்லை. மற்ற வேலைகளை எப்படி நடத்துவோமோ அப்படியே இதையும் நடத்தினோம். காலை எட்டரையிலிருந்து ஒரு ஷிப்ட், சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு விடுமுறை, சிவப்பு நாடாவில் கோத்த அடையாள அட்டை. பனியன் கம்பெனிக்காரர்களுக்கு வேலை என்றால் இதுதான் தெரியும்.

அப்படி நான் முதலில் போன வீடு வேலம்பாளையத்தில் ஒரு லைன் வீடு. அந்த வீட்டு அம்மா எங்களிடம் நெடுநாள் ஓவர்லாக் மெஷினில் தைத்தவர். கை வேகமும் வாய் வேகமும் ஒன்றாக இருக்கும். மகளுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். சின்னப் பிள்ளையாக இருந்தவரை பகல்நேரப் பள்ளி ஒன்றில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தார். மகள் வளர வளர, அவளைத் தூக்கி ஏற்றி இறக்கி அழைத்துப் போக ஆட்டோக்காரர்கள் தயங்கினார்கள். ஒருநாள் மெஷினைத் துடைத்து மூடிவிட்டு, நாளையிலிருந்து வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போனவர்தான்.

நான் போனபோது மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். பருப்புப் போட்டுக் குழைத்த சோறு. சாய்வான மர நாற்காலியில் பட்டையால் கட்டி உட்காரவைத்திருந்தார். பதின்மூன்று வயதுப் பெண். அசைக்க முடிந்த ஒரு கையால் அம்மாவின் முந்தானையைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவர் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"வெளையாடறீங்களா மேடம்?"

நான் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அதில் தன் படத்தையும் பெயரையும் பார்த்துவிட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். மகளின் கை முந்தானையை விட்டுவிட்டு நாடாவைப் பிடித்தது. "அவளுக்குச் செவப்புன்னா புடிக்குமுங்க" என்று சிரித்தார்.

வாசலில் பைக்கில் உட்கார்ந்திருந்தவர் அவருடைய கணவரின் அண்ணன். நான் கிளம்பும்போது, "ஏனுங்க மேடம், நாங்களுந்தான் புள்ளை பெத்து வளத்திருக்கறோம். எங்களுக்கும் ஒரு கார்டு போட்டுக் குடுங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "பெத்த புள்ளைக்குச் சோறூட்டறதுக்குக் கூலியாமா! அடுத்தது கட்டுன புருசனுக்குச் சோறு போடறதுக்கும் கேப்பாங்களாட்டம்" என்று அவரே சேர்த்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் துணி பின்னும் நிட்டிங் கம்பெனியிலிருந்து சாயப்பட்டறைக்குத் துணி ரோல் ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறவர். உள்ளேயிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது: "கேக்கலாமுங்க. மொதல்ல உங்க ஊட்டுல இருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க!" மறுபடியும் சிரிப்பு. கணவர் மட்டும் சிரிக்கவில்லை.

அதன்பிறகு மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். எட்டரைக்கு அட்டை அவர் கழுத்துக்கு வந்துவிடும். பக்கத்து மில்லில் சங்கு ஊதினால் மகளுக்கும் அவருக்கும் மதியச் சாப்பாடு. ஐந்தரைக்கு அட்டையைக் கழற்றிச் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டுவார். வீட்டுக்குள் எதற்கு இது என்று ஒருமுறை கேட்டேன். "இது மாட்டியிருக்கறப்ப யாராச்சும் ஒரு வேலை சொன்னா, 'நான் ஷிப்ட்டுல இருக்கறேன்'னு சொல்லிப்போடறனுங்க. முன்னயெல்லாம் 'ஊட்டுல சும்மாதான இருக்கற'ம்பாங்க" என்றார்.

ஆடி நோம்பிப் பண்டிகை முடிந்த வாரம், டீ நேரத்தில், ஒரு தையல்காரப் பெண் என் மேஜைக்கு வந்தார். அதே லைன் வீட்டில் அடுத்த கதவு. விருதுநகர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர். யாரிடமும் பணிந்து பேசிப் பழக்கமில்லாதவர், அன்று தணிந்த குரலில் பேசினார்.

"மேடம், அக்காவுக்கு உடம்பு சரியில்ல. கேட்டா ஒண்ணுமில்ல போடிங்காக. நேத்து பிள்ளையக் குளிப்பாட்டத் தூக்குனவுக கதவு நெலையப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டாக. முகம் வெளிறிப் போச்சு. நீங்க கேட்டாச் சொல்லுவாக. ஒரு எட்டு வாங்க மேடம்."

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கே போனேன். அவர் நைட்டியில் இருந்தார். மகள் ஒரு கையால் அவர் கழுத்துச் சிவப்பு நாடாவைப் பிடித்தபடி பால் குடித்துக்கொண்டிருந்தாள். பேச்சைச் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, பெண்ணுக்குப் பெண் மட்டும் சொல்லிக்கொள்ளும் குரலில் சொன்னார். கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது. வருடக்கணக்கில் பாரம் தூக்கியதால் வந்தது. ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"எப்பச் சொன்னாங்க?" என்று கேட்டேன். எனக்கு முதலில் வாயில் வரும் கேள்வி அதுதான்.

"பங்குனிலீங்க."

பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

"ஆபரேசன் பண்ணினா மூணு மாசம் ஒரு கொடத்தைக்கூடத் தூக்கக் கூடாதாமா. இவ என்ன கொடமாட்டமா இருக்கறா? உங்களுக்குத் தெரியாததா மேடம். வரிசையா செட்டுல உக்காந்து தெக்கறப்ப, மெஷினை உட்டுப்போட்டுப் போகோணும்னா ஆள் மாத்தி உட்டுட்டுத்தான் போகோணும். இல்லீன்னா லைனே நின்னுபோகும். இந்த மெஷினுக்கு மாத்தி உட ஆளு யாருங்க இருக்கறா?" சொல்லிவிட்டுச் சட்டென்று மகள் பக்கம் திரும்பி, "சும்மா சொன்னன் கண்ணு. நீ மெஷினா? நீ எம் மொதலாளி" என்று கன்னத்தைத் தொட்டார். மகள் வாய் நிறையச் சிரித்ததில் பால் நாடாவில் வழிந்தது. பேச்சு வராதே தவிர, அவளுக்கு எல்லாம் புரியும்.

பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "இந்த வேலைக்கு லீவு உண்டுங்களா மேடம்?"

தனக்கு உரிமை இல்லாத ஒன்றைக் கேட்பவர்போலக் கேட்டார். "சம்பளமே வாங்கக் கூடாதுங்கறாங்க. சம்பளத்தையும் வாங்கீட்டு லீவும் கேட்டன்னா சும்மா உடுவாங்களா?"

விடுப்புக் கணக்கு பார்ப்பது என் தொழில். எத்தனை தாள்களில் 'ஞாயிறு விடுமுறை' என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பெண்ணை யார் தூக்கினார்கள் என்று கம்பெனியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சம்பளம் இல்லாத காலத்தில் அவர் வலியோடு இருந்தார். சம்பளம் வந்தபிறகு, ஷிப்ட்டை விட்டுப் போகக் கூடாது என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் முதலாளியிடம் சொன்னேன். "லீவு குடுங்க. சம்பளத்தோட குடுங்க. மாத்தி உடற ஆளுக்கும் அந்த மூணு மாசம் ஷிப்ட் சம்பளம் போட்டுருங்க. யாரு அந்த ஆளுன்னு மட்டும் கேட்டு வாங்க" என்றார்.

அதுதான் சிக்கல். மகளுக்கு விழுங்குவதில் சிரமம் உண்டு. வேகமாக ஊட்டினாலோ தலை சாய்ந்திருந்தாலோ சோறு மூச்சுக்குழாயில் போய்விடும். அப்படிப் போய் ஒருமுறை சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவள். புது ஆயாவிடம் விட அந்த அம்மா ஒப்பவில்லை. அடுத்த கதவுத் தையல்காரப் பெண், "காலைல ஷிப்ட்டுக்குப் போறதுக்கு முந்தி வந்து நான் குளிப்பாட்டி உடுப்பு மாத்திட்டுப் போறேன். வயசுக்கு வரப் போற பிள்ள, அது பொம்பளை கையிலதான் நடக்கணும். சோறு ஊட்ட மட்டும் என்னைச் சொல்லாதீக, எனக்குப் பதறும்" என்று சொல்லிவிட்டார்.

கணவரைத் தவிர வேறு ஆள் இல்லை.

அவர் மறுத்தார். மகளுக்கு மூன்று வயதிருக்கும்போது அவர் ஊட்டித்தான் அந்தப் புரை ஏறியதாம். அன்றிலிருந்து அவர் கரண்டியைத் தொட்டதில்லை. தூக்குவார், வெளியே காற்று வாங்க வைப்பார், ஆனால் சோறு நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டார். "அதுக்காக இல்லீங்க" என்று ஆரம்பித்துக் கடைசியில் அதையேதான் சொன்னார். "கை நடுங்கிப்போகுமுங்க மேடம்." வேனை வேறு ஆளிடம் விடலாம், கம்பெனி சம்பளம் தரும் என்று நான் சொன்னதும் இன்னும் இறுகிப்போனார். "பெத்தவனுக்கு எதுக்குங்க சம்பளம்?"

மனைவி விடவில்லை. "நான் மட்டும் என்ன, பெறாதவளா? பேசாம வாங்கிக்குங்க. சம்பளம் வாங்கினாத்தான் நேரத்துக்கு வேலைக்கு வருவீங்க."

அவர் முதன்முறையாகச் சிரித்ததை அன்று பார்த்தேன்.

கம்பெனியில் புது ஆள் வந்தால் ஒரு வாரம் பழைய ஆள் பக்கத்தில் உட்காரவைப்போம். அந்த அம்மா தன் கணவரை அப்படித்தான் உட்காரவைத்தார். தாடை கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். சின்னக் கரண்டி. ஒரு வாய் உள்ளே போனபிறகு தொண்டையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அது ஏறி இறங்கினால்தான் அடுத்த வாய். வாயில் சோறு இருக்கும்போது சிரிப்புக் காட்டக் கூடாது. கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். அவர் கைக்குக் கரண்டி மாறியதும் மகள் வாயை இறுக மூடிக்கொள்வாள். கையை நீட்டி அவர் நெஞ்சில் வைப்பாள். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்.

"என்னைத் தள்றா பாத்தீங்களா" என்றார் என்னிடம் ஒருநாள். "அன்னைக்குப் புரை ஏறினது அவளுக்கு நாவகம் இருக்குதுங்க."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவருடைய மனைவிக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த வாரம் முழுக்க அப்படியே போனது. ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாளை ஆவணி முதல் வாரத்தில் குறித்திருந்தார்கள். அதைத் தள்ளிப் போட்டுவிடலாம் என்று அந்த அம்மா சொன்னபோது கணவர்தான், "போ. எப்பிடியோ பாத்துக்கறன்" என்றார். சொன்ன குரலில் நம்பிக்கை இல்லை.

அந்த நாள் ஒரு புதன்கிழமை. ஆட்டோ வந்து நின்றது. அந்த அம்மா தன் அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மகளிடம், "ஆள் மாத்தி உட்டுட்டன் கண்ணு. அப்பனை மெரட்டாத" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கியவர், திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டார். திரும்பியிருந்தால் போயிருக்க மாட்டார். துணைக்கு அவருடைய தங்கை போனார். முதல் நாள் என்பதால் நான் அந்த வீட்டில் இருந்து பார்த்துவிட்டு வர வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

காலை இட்லியை மகள் தொடவில்லை. கரண்டி வந்தால் வாய் மூடிக்கொள்ளும், கை நீண்டு அப்பாவின் நெஞ்சுக்கு வரும். பத்து மணிப் பாலும் அப்படியே திரும்பியது. அவள் அழவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "சாயங்காலம் வரைக்கும் பாக்கலாமுங்க. அப்பவும் சாப்படலீன்னா அவளை வரச் சொல்லீர்றன். ஆபரேசன் அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். ஆபரேஷன் மறுநாள் காலை. இந்த முறை திரும்பி வந்துவிட்டால் அந்த அம்மா இனி எப்போதும் போக மாட்டார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

மில்லில் சங்கு ஊதியது. சத்தம் கேட்டதும் மகளின் தலை திரும்பியது. அவளுக்கு அது சாப்பாட்டு நேரம். அவர் எழுந்து பருப்புச் சோறு குழைக்கப் போனார். எனக்கு அலுவலக வேலை ஒன்று பாக்கியிருந்தது. புதிதாகச் சேருகிறவரை அட்டையோடு வேலையிடத்தில் ஒரு படம் எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். அவருக்குப் போட்டுக் கொடுத்த அட்டை காலையிலிருந்து சட்டைப் பையில்தான் இருந்தது. "அதைக் கொஞ்சம் மாட்டிக்குங்க. ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கறேன்" என்றேன். கேட்ட நேரம் சரியில்லை என்று கேட்டபிறகுதான் உறைத்தது. அவருக்குக் கூச்சம். வாசலைப் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்றதும் நாடாவைத் தலைவழியே மாட்டிக்கொண்டு, கிண்ணத்தோடு மகள் முன்னால் உட்கார்ந்தார்.

கரண்டியை நீட்டினார். வாய் மூடியது. கை வழக்கம்போல அவர் நெஞ்சுக்கு வந்தது. அங்கே துழாவியது. நாடா விரலில் பட்டது. விரல்கள் அதைச் சுற்றி மூடிக்கொண்டன.

வாய் திறந்தது.

அவர் என்னைப் பார்த்தார். ஒரு வாய் போனது. அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டே அடுத்த கரண்டியைத் தூக்கினார். அவள் நாடாவை இழுத்தாள். அவர் நிறுத்தினார். தொண்டை ஏறி இறங்கியது. பிடி தளர்ந்தது. அவர் ஊட்டினார். மறுபடி ஓர் இழுப்பு, மறுபடி ஒரு தளர்வு. பொறு என்றும் சரி என்றும் அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவின் முந்தானையைப் பிடித்துச் சொன்னதும் அதைத்தான். சட்டை போட்ட அப்பாவிடம் பிடிக்க ஒன்றும் இல்லாமல் அந்த ஒரு வாரமும் தேடியிருக்கிறாள்.

பாதிக் கிண்ணம் காலியானபோது அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடையில் நின்றது. துடைக்கக் கை இல்லை. ஒரு கையில் கிண்ணம், ஒரு கையில் கரண்டி. "தள்ளலீங்க மேடம்," என்றார் மகளிடமிருந்து பார்வையை எடுக்காமல். "இவ தள்ளவே இல்லீங்க." நான் போட்டோ எடுக்கவில்லை. கோப்பில் அந்த இடம் இன்றும் காலியாகத்தான் இருக்கிறது.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த அம்மாவிடம் சொன்னேன். நம்ப முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், தன் முந்தானையை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தார். "ஆமாங்க... அவ இழுத்தா எங் கை நிக்கும். பதிமூணு வருசம். நானே கவனிச்சதில்லீங்களே" என்றார். கற்றுக்கொடுத்த பாடத்தில் அது மட்டும் விட்டுப்போயிருந்தது. அவருக்கே தெரியாத ஒன்றை அவர் எப்படிச் சொல்லிக் கொடுப்பார்?

மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்று மாதம் அவர் கட்டிலிலிருந்தே கணவரை வேலை வாங்கினார். சூப்பர்வைசர்கூட அப்படிக் கத்தியதில்லை என்று கணவர் என்னிடம் புகார் செய்தார். ஒருநாள் நான் போனபோது கணவரின் அண்ணன் வாசலில் பைக்கை நிறுத்தி, "என்னடா, ஷிப்ட் முடிஞ்சுதா?" என்று கேலியாகக் கேட்டார். உள்ளேயிருந்து அவர் எழுந்து வரக்கூட இல்லை. "இல்லீங்ணா. இன்னும் அரை மணி நேரம் இருக்குது" என்ற பதில் மட்டும் வந்தது.

கார்த்திகையில் அந்த அம்மா மறுபடி தன் அட்டையை மாட்டிக்கொண்டார். இனி அளவாகத்தான் தூக்க வேண்டும் என்பதால் குளிப்பாட்டும் வேலை அடுத்த கதவுப் பெண்ணிடமே இருக்கிறது. அதற்கும் கம்பெனி பணம் கொடுக்கிறது. கணவர் வேனுக்குத் திரும்பினார். அவருடைய அட்டையை நான் திரும்பக் கேட்டிருக்க வேண்டும், முறைப்படி. கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அது அவருக்கு வேண்டும். அன்று மனைவிக்கு விடுமுறை. போன தைப்பூசத்துக்கு அந்த அம்மா தங்கையோடு பழனிக்குப் போய்விட்டு வந்தார். மகள் பிறந்தபிறகு அவர் வெளியூர் போனது அதுதான் முதல் தடவை.

எங்கள் கம்பெனியில் இப்போது இப்படிச் சம்பளம் வாங்கும் ஒவ்வொரு வீட்டிலும் மாற்று ஆள் யார் என்பதை முதல் நாளே பேசி முடித்துவிட்டுத்தான் அட்டை கொடுக்கிறோம். பெற்ற பிள்ளையைப் பார்க்கச் சம்பளமா என்று இன்னமும் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களோடு நான் வாதாடுவதில்லை. என் கண்முன் வருவது, சட்டையில் பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் நெஞ்சில் துழாவிய அந்தச் சின்னக் கை. யாராவது என்னைத் தள்ளுகிறார்கள் என்று தோன்றும்போதெல்லாம், ஒருவேளை பிடித்துக்கொள்ள எதையோ தேடுகிறார்களோ என்று கொஞ்சம் நின்று பார்க்க அதுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.